பாக்கெட்டிலிருந்தே அவசர உதவி எண் 112-க்கு அழைப்பு போகிறதா?

பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை இறக்கிக்கொண்டிருந்த என் அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து யாரோ "ஹலோ, என்ன அவசரம்?" என்று கேட்டார்கள். பயந்துபோய் உடனே கட் செய்துவிட்டார். அதுதான் தவறு.

2017 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் அவசர பட்டன் கட்டாயம். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை 3 முறை, புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 5 முறை, வேகமாக அழுத்தினால் போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் துருத்திக்கொண்டிருக்கும் பட்டனுக்கு விரலும் தெரியாது, சாவிக்கொத்தும் தெரியாது. வேறு மாடலுக்கான இறுக்கமான கவர் போட்டிருந்தால் அதுவே பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும். முதலில் அதை மாற்றுங்கள்.

பிறகு செட்டிங்ஸில் 'எஸ்ஓஎஸ்' (SOS, அதாவது அவசர உதவி அழைப்பு) என்று தேடுங்கள். தானாக அழைப்பதற்குப் பதில், திரையைத் தொட்டுப் பிடித்தால் மட்டும் அழைக்கும்படி வைக்கும் வசதி பல போன்களில் உண்டு. அடியோடு அணைத்துவிடாதீர்கள். தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து கிடக்கும்போது பூட்டைத் திறக்காமலே உதவி கேட்க இது கைகொடுக்கும். பட்டன் போனைச் சில்லறையோடு போடாமல், கெட்டியான உறையில் தனியாக வையுங்கள்.

தவறுதலாக அழைப்பு போய்விட்டால் கட் செய்யாதீர்கள். "கை பட்டுவிட்டதுங்க, இங்கே ஆபத்து ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வையுங்கள். பேச்சில்லாமல் கட்டானால் என்ன ஆனதோ என்று அவர்கள் திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நிஜமாகவே ஒருவர் லைனில் காத்திருக்கலாம்.