ஷாத்தோ கயார்: முற்றுகைப் படை வந்த வழியில் நடந்து பாருங்கள்

பிரான்சின் நார்மண்டியில், லே ஸாந்தலி ஊருக்கு மேலே, சேன் ஆற்றைப் பார்த்தபடி சுண்ணாம்புப் பாறை உச்சியில் நிற்கும் இந்தக் கோட்டைக்குப் போனால், நேராகப் பெரிய கோபுரத்துக்கு ஓடாதீர்கள். 1203-ல் முற்றுகையிட வந்த பிரெஞ்சுப் படையைப் போலத் தென்கிழக்கு மேட்டிலிருந்து இறங்குங்கள், எந்தச் சுவர் ஏன் அப்படி இடிந்து கிடக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

கட்டியவர் இங்கிலாந்து மன்னர் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட். நார்மண்டியும் அப்போது அவர் கையில்தான் இருந்தது. பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் ஆற்றோடு நார்மண்டியின் தலைநகரான ரூவானுக்கு வந்துவிடக் கூடாது என்று 1196-ல் வேலையைத் தொடங்கி, 1198-க்குள் முடித்துவிட்டார். அடுத்த வருடமே அவர் இறந்துபோக, கோட்டை தம்பி ஜானிடம் வந்தது.

சரி, நடப்போம். முதலில் எதிர்ப்படுவது தனியாக முன்னால் நிற்கும் முக்கோண வெளிக்கோட்டை. அதன் முனைக் கோபுரத்தின் அடியைத் தோண்டித்தான் பிலிப்பின் ஆட்கள் சரித்தார்கள். அகழிக்கு அப்பால் நடுக்கோட்டை. அங்கே ஜான் கட்டிய தேவாலயக் கட்டடத்தின் ஜன்னல் வழியாகச் சில வீரர்கள் ஏறிக் குதித்து, மற்றவர்களுக்கு வழி திறந்துவிட்டார்கள்.

உள்மதிலுக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள், கோட்டையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வெளிப்பக்கம் முழுக்க அரைவட்டம் அரைவட்டமாகப் புடைத்திருக்கும். கவண்பொறி வீசும் கல் நேராக மோதாமல் வழுக்கிப் போகவே இந்த அமைப்பு. இவ்வளவு யோசித்தவர்கள் வாசலுக்கு முன்னால் ஒரு பாறைத் துண்டை மட்டும் வெட்டாமல் பாலமாக விட்டுவிட்டார்கள், அந்தப் பாலத்தின் மறைவில் பதுங்கிக்கொண்டுதான் எதிரிகள் மதிலின் அடியைத் தோண்டினார்கள். 1204 மார்ச் 6 அன்று கோட்டை விழுந்தது, ஜூனில் ரூவானும் பணிந்தது.

மதிலுக்கு வெளியே சரிவிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்த ஊர்மக்களை, தானியம் போதாது என்று தளபதி ரோஜர் டி லேசி வெளியேற்றினார். முதலில் போனவர்களை விட்ட பிரெஞ்சுக்காரர்கள் அப்புறம் வந்தவர்களை மறித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கைவிட்ட அந்தச் சனங்களில் பலர் குளிர்காலத்தில் இங்கேயே பட்டினி கிடந்து செத்தார்கள். மன்னர்களின் பெயரை விட இவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்பேன்.

மிச்சமிருந்ததை இடிக்க 1599-ல் நான்காம் ஹென்றி உத்தரவிட்டார், கற்களைத் துறவிகள் மடங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

பாரிஸ் சான்-லசார் நிலையத்தில் ரயிலேறி கயோன்-ஓப்வுவாவில் இறங்குங்கள், அங்கிருந்து டாக்ஸி. மழை பெய்தால் சரிவு வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.