வேலூர்ப் பக்கத்தில் இருந்து சென்னைக்கு வேலைக்குச் செல்வோர் ரயில் பாதையை ஒட்டிக் கட்டுப்படியாகும் வீடு தேடும் முறை

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பகுதிகளில் இருந்து சென்னைக்கு வேலைக்குச் செல்பவர்களில் பலர், வாடகையை மட்டும் பார்த்து வீட்டை முடிவு செய்துவிட்டு, பிறகு ஷேர் ஆட்டோவுக்கும் பெட்ரோலுக்கும் சம்பளத்தைக் கரைக்கிறார்கள். வாடகை, அன்றாடப் போக்குவரத்து, வார இறுதியில் ஊருக்கு வந்துபோகும் செலவு ஆகிய மூன்றையும் கூட்டினால்தான் ஒரு வீட்டுக்கு நாம் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரியும். அப்படிக் கூட்டிப் பார்த்தால், நம் பக்கத்து மக்களில் பெரும்பாலானோருக்குச் சென்ட்ரல்–அரக்கோணம் புறநகர் ரயில் பாதையே ஒத்துவரும் என்பது என் கருத்து.

முதல் படி: வேலையிடத்தில் இருந்து தொடங்குங்கள்

அலுவலகத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் எந்த நிலையம் இருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை, வில்லிவாக்கம், பெரம்பூர், சென்ட்ரல் ஆகிய இடங்களில் வேலை என்றால் அரக்கோணம் பாதையில் தேடலாம். கிண்டி என்றால் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் போகலாம். ஆனால் தினமும் இரண்டு கட்டணம் ஆகும் என்பதால், தாம்பரம் பாதையில் உள்ள வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை என்றால், வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில், அதன் பிறகு பெரும்பாலும் பேருந்து என்பதே நிலைமை. அங்கு வேலை செய்துகொண்டு ஆவடியில் குடியிருக்க நினைப்பது வீண் அலைச்சல். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் புறநகர் ரயில் இல்லை. அங்கே சேர்பவர்கள் நிறுவனப் பேருந்து எந்தெந்த ஊரில் நிற்கிறது என்ற பட்டியலை வாங்கி, அந்த நிறுத்தங்களின் அருகே தேட வேண்டும்.

இரண்டாம் படி: எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம்?

சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அரக்கோணம் 69, காட்பாடி 130. ஊரை நோக்கித் தள்ளத் தள்ள வாடகை பொதுவாகக் குறையும். ஆனால் ரயில்களும் குறையும். பல மின்சார ரயில்கள் ஆவடியிலோ திருவள்ளூரிலோ நின்றுவிடுகின்றன என்பதால், இரவுப் பணி முடித்து வருபவர்கள் கடைசி ரயில் எதுவரை செல்கிறது என்று பார்த்த பிறகே திருவள்ளூருக்கு அப்பால் யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அலுவலகத்தின் அருகே வாடகை 14,000 ரூபாய் என்றும், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையில் உள்ள திருநின்றவூரில் அதே அளவு வீடு 7,500 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மின்சார ரயிலின் மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். வீடு நிலையத்தில் இருந்து நடக்கும் தொலைவில் இருந்தால் மிச்சம் அப்படியே கையில் நிற்கும். மாறாக, காலையும் மாலையும் ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய் வீதம் கொடுக்க நேர்ந்தால், 25 வேலை நாட்களுக்கு 1,000 ரூபாய் போய்விடும். அலுவலகப் பக்கத்துப் பயணத்துக்கு மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகள் கிடைத்தால், பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரக்கோணம் பாதையில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. காட்பாடி வழியாக வரும் ரயில்களில் பல பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் நிற்பதால், திங்கட்கிழமை காலையில் சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை.

வீடே மாற்றாமல் ஊரில் இருந்தே போய்வர முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்பதால் காட்பாடி அதற்குள் அடங்கும். ஜோலார்பேட்டையில் இருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் அப்படித் தினமும் செல்பவர்கள் இருக்கிறார்கள். முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றபடி போகத் தயாராக இருந்தால், முதல் சில மாதங்களுக்கு இது போதும். நிரந்தர ஏற்பாடாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் படி: வேலை நாளில் போய்ப் பாருங்கள்

நம்மவர்கள் வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்புவார்கள். அன்று கூட்டமும் இருக்காது, ரயில் எண்ணிக்கையும் வேறு. நீங்கள் வீடு திரும்பப் போகும் அதே மாலை நேரத்தில், வேலை நாளில் நிலையத்தில் இறங்கி வீடு வரை நடந்து பாருங்கள். 'ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்' என்று டோலெட் பலகையில் எழுதுபவர் பைக்கில் போகிறவராகவே இருப்பார். வீடு தண்டவாளத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது, நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ உண்டா, மழையில் அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்குமா, தெருவிளக்கு எரிகிறதா என்பவற்றையெல்லாம் நடந்தால்தான் அறிய முடியும்.

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை வீட்டு உரிமையாளரிடம் கேட்காதீர்கள். தெருமுனை மளிகைக்கடையில் கேளுங்கள். ஏரிகளை ஒட்டி வளர்ந்த கொரட்டூர், அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும்.

மின் மீட்டரையும் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன்களுக்குச் சப் மீட்டர் மாட்டியிருந்தால் அந்தச் சலுகை உங்களுக்குத் தனியாகக் கிடைக்காது; உரிமையாளர் சொல்லும் யூனிட் விலையையே கொடுக்க நேரும்.

நான்காம் படி: அட்வான்ஸும் ஒப்பந்தமும்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியுள்ளது. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய வழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, அதைச் சொல்லி ஐந்தாகவோ நான்காகவோ குறைக்கப் பேசுவதே நடக்கக்கூடியது. பெயின்டிங் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, ஆண்டுக்கு வாடகை எத்தனை சதவீதம் உயரும் என்ற மூன்றும் தாளில் இருக்க வேண்டும்.

மாத வாடகை இல்லை என்று சொல்லிப் பெருந்தொகையை லீசுக்குக் கேட்டால், முதலில் அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். வீடு வங்கி அடமானத்தில் இருந்து தவணை தவறினால், உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும். அட்வான்ஸை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள். சாவி வாங்கும் நாளில் மீட்டர் அளவையும், சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல், ஓதம் ஆகியவற்றையும் படமெடுத்து, அன்றே உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள்.