75 சதவீதத்துக்கு மேல் ஏறாத லெவல் டிரான்ஸ்மிட்டரும் ஒரு சின்னக் கணக்கும்

முதலில் டேட்டாஷீட்டில் உங்கள் லெவல் டிரான்ஸ்மிட்டர் (டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கரண்டாக அனுப்பும் கருவி) டூ-வயரா, ஃபோர்-வயரா என்று பாருங்கள். டூ-வயர் என்றால் பவரும் சிக்னலும் அதே இரண்டு வயரில்தான். 24 வோல்ட் டிசி சப்ளையின் பிளஸ்ஸிலிருந்து டிரான்ஸ்மிட்டர் பிளஸ்ஸுக்கு, அதன் மைனஸிலிருந்து பிஎல்சி (பிளான்ட்டைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இன்புட் பிளஸ்ஸுக்கு, அங்கிருந்து சப்ளை மைனஸுக்கு. ஒரே வட்டம் (லூப்), அவ்வளவுதான். அளவு பூஜ்யமாக இருந்தாலும் 4 மில்லிஆம்ப் ஓடும் (நூறு சதவீதத்துக்கு 20), அதை வைத்துத்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் உயிரோடு இருக்கிறது. மீட்டர் 0 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது, இல்லை சப்ளை வரவில்லை.

சரி, நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம் இது. டேங்க் நிரம்பி வழியப் போகிறது, ஸ்கிரீனில் 75 சதவீதத்திலேயே நிற்கிறது. சென்சாரைக் கழற்றி, கழுவி, காலிபரேஷனும் பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் லூப்பில் எத்தனை ஓம் இருக்கிறது என்று கூட்டினேன்: பிஎல்சி 250, ரெக்கார்டர் 250, ஹார்ட் கம்யூனிகேட்டருக்காக (அதே வயர் வழியே டிரான்ஸ்மிட்டரோடு பேசி செட் செய்யும் கைக்கருவி) யாரோ போட்டுவிட்டுப் போன ரெசிஸ்டர் 250. மொத்தம் 750. என் டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும், மீதி 12 வோல்ட்டை 750-ஆல் வகுத்தால் 16 மில்லிஆம்ப். அதாவது சரியாக 75 சதவீதம்! பிஎல்சியின் 250 ஓமே ஹார்ட்டுக்குப் போதும் என்பதால் அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கினேன், 20 மில்லிஆம்ப் வரை ஒழுங்காக ஏறியது. இப்படி வோல்டேஜ் பற்றாமல் போனால் எல்லா மாடலும் அசையாமல் நிற்காது, சில ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஆன் ஆகும்.

அளக்க நான் லூப்பை அறுப்பதே இல்லை. பிஎல்சியின் 250 ஓமின் இரு முனைகளுக்கு நடுவே வோல்ட் அளந்து பார்த்தால் 4 மில்லிஆம்புக்கு 1 வோல்ட், 20-க்கு 5 வோல்ட். மல்டிமீட்டரை மில்லிஆம்பில் வைத்து டிரான்ஸ்மிட்டருக்குக் குறுக்கே மட்டும் வைத்துவிடாதீர்கள், அது ஷார்ட் செய்வது மாதிரி. பிஎல்சி கார்டு தாங்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

பின்சேர்க்கை: கமென்ட்டில் இரண்டு பேர் ஃபோர்-வயரில் சிக்னல் வரவில்லை என்றார்கள். பெரும்பாலான ஃபோர்-வயர் டிரான்ஸ்மிட்டர் தனி சப்ளை எடுத்துக்கொண்டு கரண்டைத் தானே தள்ளும். கார்டும் 24 வோல்ட் கொடுத்தால் இரண்டும் மோதும். கார்டை பாஸிவ் இன்புட்டாக (தானே பவர் கொடுக்காத இன்புட்) மாற்றிவிட்டு அப்புறம் வயரைத் தொடுங்கள்.