ஆண்டு வாசிப்பைத் திரும்பிப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

டிசம்பர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து, "இந்த ஆண்டு என்னவெல்லாம் படித்தோம்" என்று நினைவிலிருந்து பட்டியல் போடுவதுதான் முதல் தவறு. அக்டோபருக்குப் பிறகு படித்தவை முழுதாக வந்துவிடும். பிப்ரவரியில் நூலகத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்த புத்தகம் வராது. அது கண்ணில் படும்படி வீட்டு அலமாரியில் இல்லையே. பாதியில் விட்டவை ஞாபகத்துக்கே வராது. இப்படிக் கிடைக்கும் பட்டியலை வைத்து அடுத்த ஆண்டுக்கு இலக்கு வைத்தால் அதுவும் தடம் மாறித்தான் போகும்.

புத்தகத்தை முடித்த அன்றோ மறுநாளோ ஒரு வரி எழுதிவிடுங்கள். தலைப்பு, ஆசிரியர், பக்கங்கள், தொடங்கிய தேதி, முடித்த தேதி, எப்படிக் கிடைத்தது (வாங்கியது, நூலகம், இரவல், மின்னூல்) என்று ஆறு கட்டங்கள் போதும். பக்கத்தில் இரண்டு வாக்கியம் கருத்து. 80 பக்க நோட்டிலும் எழுதலாம், எக்செல்லிலும் வைக்கலாம். பலரும் முடித்த தேதியை மட்டும் குறிக்கிறார்கள். தொடங்கிய தேதியும் கட்டாயம் வேண்டும். 180 பக்க நாவல் ஒன்று 40 நாள் இழுத்திருந்தால், புத்தகம் கடினமா, அந்த மாதம் கடினமா என்று பார்க்க வேண்டும். மேலும் கீழும் உள்ள வரிகளே அதைச் சொல்லிவிடும். அதே நாட்களில் மற்ற புத்தகங்களும் இழுத்திருந்தால் வேலைச்சுமைதான் காரணம். அது மட்டும் இழுத்திருந்தால் அந்த நடையோ பொருளோ உங்களுக்கு இன்னும் பழகவில்லை என்று பொருள்.

படித்த புத்தகங்களைக் குறித்து வைக்க உதவும் குட்ரீட்ஸ் இணையதளத்தின் கணக்கை அப்படியே நம்புவது இன்னொரு சிக்கல். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று நாமே இலக்கு வைக்கும் அதன் ஆண்டுச் சவாலில் ஒரு புத்தகம் சேர வேண்டுமானால் 'முடித்த தேதி' அந்த ஆண்டுக்குள் இருக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் எண்ணிக்கையில் ஏறாது. மார்ச்சில் படித்ததை டிசம்பரில் குறித்துவிட்டு, தேதியைத் திருத்தாமல் விட்டால் எல்லாம் டிசம்பரிலேயே குவியும். மாதவாரிக் கணக்கு வீணாகும். தமிழ்ப் புத்தகங்களுக்குக் கூடுதல் தொல்லை உண்டு. ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னொரு பதிவாகவும் கிடக்கும். இரண்டையும் சேர்த்துவிட்டால் இரண்டு புத்தகமாகிவிடும். பழைய பதிப்புகள் பலவற்றுக்குப் பக்க எண்ணிக்கையே இருக்காது. ஆகவே ஆண்டு முடிவில் பட்டியலை ஏற்றுமதி செய்து இறக்கி, இரட்டைப் பதிவு, விடுபட்ட தேதி, விடுபட்ட பக்கம் மூன்றையும் கையால் சரிபார்த்த பிறகு கூட்டல் போடுங்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களை ஒன்றாக எண்ணுவதா, ஐந்தாகவா? ஜெயமோகனின் வெண்முரசு வரிசையில் உள்ள 26 நாவல்களை? எந்த விதியும் சரிதான், ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தால். எண் குறைகிறதே என்று நவம்பரில் விதியை மாற்றினால் முந்தைய ஆண்டோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். 64 பக்கக் குறுநாவலும் ஒன்று, 900 பக்க நாவலும் ஒன்று என்னும் கணக்கில், தடித்த புத்தகத்தின் பக்கம் கை போகவே போகாது. உங்கள் ஆண்டு இந்த வலையில் விழுந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஜனவரி முதல் நவம்பர் வரை படித்தவற்றின் சராசரிப் பக்கத்தையும் டிசம்பரில் படித்தவற்றின் சராசரியையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். 240 என்று இருந்தது டிசம்பரில் 90 ஆகியிருந்தால், கடைசி மாதம் இலக்குக்காகப் படித்த மாதம்.

பக்கக் கணக்கும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. பதிப்புக்குப் பதிப்பு எழுத்தளவு மாறும். மின்னூலிலோ நாம் எழுத்தைப் பெரிதாக்கினாலே திரைப் பக்கங்கள் கூடிவிடும். நேரம்தான் நேர்மையான அளவுகோல். நாவல், கட்டுரை, கவிதை என ஒவ்வொன்றிலும் அரை மணி நேரத்தில் எத்தனை பக்கம் போகிறது என்று ஒருமுறை அளந்து வையுங்கள். அரை மணிக்கு 20 பக்கம் என்றால் 240 பக்க நாவலுக்கு 6 மணி நேரம். அப்படி 24 புத்தகங்களுக்கு 144 மணி நேரம், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 24 நிமிடம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு 100 புத்தகச் சவாலை ஏற்கலாமா என்பது தானாகத் தெளிவாகும். ஒலிநூல்களை மணிக்கணக்கில் தனியே எழுதுங்கள்.

பாதியில் விட்ட புத்தகங்களை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். திரும்பிப் பார்ப்பதில் அதிகம் கற்றுத்தருபவை அவைதான். நிறுத்திய பக்கமும் ஒரு சொல்லில் காரணமும் போதும்: மொழிபெயர்ப்பு, சலிப்பு, அச்சு, நேரம், மனநிலை. ஆண்டு முடிவில் ஆறு புத்தகங்களில் நான்கு 'மொழிபெயர்ப்பு' என்று விழுந்திருந்தால், அந்த ஆசிரியர்களை ஒதுக்காமல் வேறு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டும். எப்போது விடலாம் என்பதற்கு அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: 50 பக்கம் படித்துப் பாருங்கள், வயது 50-ஐத் தாண்டியிருந்தால் 100-இலிருந்து வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கம் வரை படித்தால் போதும். நல்ல விதி. ஆனால் கிளைக்கதைகளோடு மெல்ல விரியும் பெரிய தமிழ் நாவல்களுக்கு 50 பக்கம் போதாது, 100 கொடுங்கள்.

கவிதையையும் சிறுகதையையும் எண்ணிக்கை ஏற்றப் பயன்படுத்துவது வருத்தமான பழக்கம். 20 கதைகளை இரண்டு நாளில் முடித்தால் ஒன்றோடொன்று கலந்துபோகும். நாளுக்கு இரண்டு கதைக்கு மேல் வேண்டாம்.

முடித்த சூட்டில் போட்ட நட்சத்திரத்தை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். டிசம்பரில் புத்தகத்தைத் திறக்காமல், ஒவ்வொன்றைப் பற்றியும் மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள். எழுத வராத ஐந்து நட்சத்திரமும் இருக்கும், விடாமல் எழுத வைக்கும் மூன்று நட்சத்திரமும் இருக்கும். புது மதிப்பெண்ணைப் பழையதன் பக்கத்தில் எழுதுங்கள். பழையதை அழிக்க வேண்டாம்.

'எப்படிக் கிடைத்தது' என்ற கட்டம் பயன்படும் இடம் அடுத்து வருகிறது. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வருவதால், புது இலக்கும் புது மூட்டையும் ஒன்றாகவே வீட்டுக்குள் நுழைகின்றன. வாங்கியது 30, அதில் படித்தது 9 என்று தெரிந்தால் அடுத்த பட்டியலில் பாதியை அலமாரியில் இருப்பதிலிருந்தே எடுங்கள்.

அடுத்த இலக்கை ஆசையை வைத்து நிர்ணயிக்காமல் மாதக் கணக்கை வைத்து நிர்ணயியுங்கள். அதிகம் படித்த மாதத்தையும் குறைவாகப் படித்த மாதத்தையும் நீக்கி, மீதிப் பத்து மாதங்களின் சராசரியை 12-ஆல் பெருக்கி, அதில் பத்தில் ஒன்றைக் குறையுங்கள். மொத்தம் 24, அதிகம் 5, குறைவு 0 என்றால் மீதி 19, சராசரி 1.9, ஆண்டுக்கு 22.8, குறைத்தால் 20.5, பின்னத்தை விட்டால் 20. அந்த 20-ஐ நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஜூன் 30-க்கு நேரே ஒரு மறுபார்வை நாளும் குறித்து வையுங்கள்.