பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

மூர் மார்க்கெட் பக்கம் முதல் உலகப் போர்ப் பதக்கம் கிடைத்தால் விலை கேட்குமுன் விளிம்பை லென்ஸில் பாருங்கள். அதைப் பெற்ற வீரரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு அங்கே பொறித்திருக்கும். பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் போடுவது வழக்கமான மோசடி. வெர்னியர் அளவுகோலில் அளந்தால் தெரிந்துவிடும்: பிரிட்டிஷ் வார் மெடலின் விட்டம் 36 மி.மீ.; அராவியதில் குறையும், ஓரிடத்தில் மட்டும் பள்ளமாகவும் இருக்கும்.

பதக்கத்தோடு வீரரின் கடிதமும் கிடைத்தால், அதிலுள்ள எண்ணும் விளிம்பிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் இரண்டையும் தனித்தனிப் பொருளாகவே மதிப்பிடுங்கள், கடைக்காரர் என்ன கதை சொன்னாலும்.

பிராசோ போன்ற உலோகப் பாலிஷ் போட்டுப் பதக்கத்தைத் தேய்க்கவே கூடாது. எழுத்தின் கூர்மை போய்விடும், மதிப்பும் கூடவே. பிவிசி பிளாஸ்டிக் உறை சென்னைப் புழுக்கத்தில் பிசுபிசுத்து வெண்கலத்தில் பச்சை பிடிக்கவைக்கும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வையுங்கள். கடிதத்தில் துருப்பிடித்த குண்டூசி இருந்தால் மெல்ல எடுத்துவிடுங்கள். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் வேண்டாம். குறிப்பெழுத மென்மையான பென்சில் போதும்.

வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணமா? 100 ஆண்டு கடந்த பொருளுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரலாம். முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.