துறவி நண்டுக்கு முதல் உதவி: கண்ணாடித் தாள்

கவனிப்பில்லாமல் கிடந்த துறவி நண்டை (காலிச் சங்கைச் சுமந்து வாழும் நண்டு) வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதல் வேலையாகத் தொட்டியின் வலை மூடியை உணவு சுற்றும் கண்ணாடித் தாளால் மூடிவிடுங்கள். ஓரத்தில் சிறு இடைவெளி போதும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

தரையில் வாழும் இந்த நண்டுகள் செவுள் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. செவுள் காய்ந்தால் மெல்ல மெல்ல மூச்சுத் திணறிச் சாகும். கம்பிக் கூண்டில் ஈரப் பஞ்சு ஒன்றை மட்டும் போட்டு விற்கிறார்களே, அதில் காற்றின் ஈரப்பதம் நிற்கவே நிற்காது. தாள் போட்டு, அடி மணலையும் ஈரமாக வைத்தால் 80 சதவீதம் வரை ஏறும். ஈரமானியில் பார்த்துக்கொள்ளுங்கள், கண்மதிப்பு உதவாது. பிறகு, ஆசையாகக் கையில் எடுக்காமல் சில வாரம் விட்டுவிடுங்கள். மணலுக்குள் புதைந்தால் தோண்டாதீர்கள், தோல் உரிக்கப் போயிருக்கும்.

மணலில் தண்ணீர் தேங்கினாலோ பூஞ்சை வந்தாலோ தாளைக் கொஞ்சம் விலக்குங்கள். கடல்நீரிலேயே வாழும் துறவி நண்டு வகைகளுக்கு இது பொருந்தாது.