டெக்சாஸில் கைத்துப்பாக்கி: தெரியும்படி வைப்பதா, மறைத்து வைப்பதா?

கைத்துப்பாக்கியை இடுப்பில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடப்பதற்கு ஒரு சட்டம், சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடப்பதற்கு வேறொரு சட்டம். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே டெக்சாஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் வட்டாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். காதில் விழுந்ததை நம்பி யாரும் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

முதல் படி: உங்கள் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் பலருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடுகிறது. எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், நண்பரிடம் அல்ல. பயிற்சிக் கூடத்தில் நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் 'வைத்திருத்தல்' ஆகிவிடலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இரண்டாம் படி: உரிமம் வேண்டுமா?

2015 முடியும்வரை, கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்ல மாநில உரிமம் பெற்றவர்கூட மறைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் அவர்கள் வெளியே தெரியும்படி வைக்கலாம் என்றானது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, சட்டத்தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். கடந்த 5 ஆண்டுகளில் அடிதடி, மிரட்டல் போன்ற சில குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்படியானால் உரிமம் எதற்கு என்று கேட்கலாம். என் கருத்தில் அதைப் பெறுவதே புத்திசாலித்தனம். பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியுடன் செல்வதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. நகரத்தில் காரோட்டுபவர் எத்தனை பள்ளிகளைக் கடக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் படி: உறையைச் சரிபாருங்கள்

தெருவில் நடக்கும்போது டெக்சாஸ் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: வெளியே தெரியும் துப்பாக்கி உறையில் (ஹோல்ஸ்டர்) இருக்கிறதா? முழுவதும் தெரிந்தாலும் பாதி தெரிந்தாலும் உறையில் இருக்க வேண்டும். உறையில் இருந்தால், காற்றில் சட்டை விலகித் தெரிந்துவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. உறையில்லாமல் இடுப்பில் செருகிய துப்பாக்கியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே காட்டினால் குற்றம். தற்செயலாகத் தெரிந்ததா, வேண்டுமென்றே காட்டியதா என்று காவலரிடம் வாதாடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? காரிலும் அப்படியே. இருக்கையில் உறையின்றிக் கண்ணில் படும்படி கிடக்கக் கூடாது. உறையில் இருந்தாலும், பிறரை அச்சுறுத்தும் விதத்தில் எடுத்துக் காட்டுவது தனிக் குற்றம்.

நான்காம் படி: வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள்

மறைத்தல், காட்டல் என்ற வேறுபாடு உண்மையில் உயிர்பெறுவது கடை வாசலில்தான். மூன்று பலகைகளை, அவற்றில் எழுதியிருக்கும் சட்டப் பிரிவு எண்ணால் நினைவில் வையுங்கள். 30.05 உரிமம் இல்லாதவர் துப்பாக்கியுடன் நுழைவதைத் தடுக்கிறது. 30.06 உரிமம் உள்ளவர் மறைத்து எடுத்துவருவதைத் தடுக்கிறது. 30.07 உரிமம் உள்ளவர் தெரியும்படி எடுத்துவருவதைத் தடுக்கிறது. 30.07 மட்டும் இருந்தால், உரிமம் உள்ளவர் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போகலாம். 06, 07 இரண்டும் இருந்தால் எப்படியும் போக முடியாது.

இந்தப் பலகைகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் இருக்க வேண்டும். கவனிக்காமல் நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். உரிமையாளர் நேரில் சொல்லியும் வெளியேறாவிட்டால் சிறைத்தண்டனை வரை போகும். பலகை இல்லாத இடத்திலும், வெளியே போங்கள் என்று சொன்னால் உடனே கிளம்பிவிடுங்கள்.

மதுக்கூடங்களில் சிவப்பு நிறத்தில் 51% என்று பெரிதாக எழுதியிருக்கும்; வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். அங்கே உரிமமும் செல்லாது; அது ஃபெலனி என்னும் கடுங்குற்றம்.

ஐந்தாம் படி: தடைசெய்யப்பட்ட இடங்கள்

பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் உரிமம் உள்ளவர் மறைத்து வைத்திருக்கலாம், வெளியே காட்டக் கூடாது. அங்கும் சில கட்டடங்களுக்குத் தடை உண்டு.

ஆறாம் படி: மாநில எல்லையைத் தாண்டும் முன்

பக்கத்திலுள்ள நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாதவர் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்து நடக்கலாம். குளிருக்கு மேலங்கியை இழுத்து அதை மூடினால் குற்றமாகிவிடும். இல்லினாயில் நேர்மாறு: வெளியே தெரியும்படி வைக்கவே அனுமதி இல்லை. முழுவதுமாகவோ பெரும்பகுதியோ மறைந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். டெக்சாஸ் உரிமத்தையும் அந்த மாநிலம் ஏற்பதில்லை. கிளம்பும் முன் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் அதன் அரசு இணையதளத்தில் படியுங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடுகிறது. புதிய சட்டங்கள் பெரும்பாலும் செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வருகின்றன. அந்த மாதத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.